பெயரைப் பார்த்து விசாரணையைத் தொடங்காதீர்கள்: டெல்டா காவல்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா மாவட்டங்களின் காவல்துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் வழக்கறிஞர். சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். தீவிரவாதத் தடுப்பு என்ற பெயரில் நம் ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் விசாரிக்கப்படும் விதத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒருவர் என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் பெயர் என்ன, எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறார், எப்போதிருந்து தாடி வைத்திருக்கிறார் என்று பார்க்கும் பழக்கம் நிற்க வேண்டும். அது நியாயமில்லை என்பது மட்டும் காரணமில்லை. உங்கள் வேலையையும் அது கெடுக்கிறது.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பையன் ஏசி மெக்கானிக். வளைகுடாவில் வேலை உறுதியாகி, புதுப்பித்த பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர். எங்கோ வெளி மாவட்டத்தில் சோதனை நடந்த செய்தி டிவியில் ஓடிய மறுநாள், அவருடைய அத்தாவுக்கு ஸ்டேஷனிலிருந்து போன். "பாய், பையனை ஒரு எட்டு அனுப்பி வைங்க, சும்மா பேசணும்." போனவரை ராத்திரி வரை உட்கார வைத்தார்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாருடைய பயானை (மார்க்கச் சொற்பொழிவை) கேட்பாய், எந்தெந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாய், மாமா சவூதியில் என்ன செய்கிறார் என்று கேள்வி மேல் கேள்வி. எந்த வழக்குக்காக என்று கடைசி வரை சொல்லவில்லை. அப்புறம் போகச் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட் சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போனது, ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பிவிட்டார். பேசி முடித்திருந்த பெண் வீட்டாரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பையன் மீது வழக்கும் இல்லை, புகாரும் இல்லை. நீதிமன்றத்தில் போய் நிரூபிக்க எந்தக் காகிதமும் இல்லை. அடித்தார்கள், பொய் வழக்குப் போட்டார்கள் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. "சும்மா கூப்பிட்டோம், அனுப்பிவிட்டோம்" என்பதற்கு என்ன வழி?

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1998 பிப்ரவரி 14-ல் கோவையில் 58 பேர் செத்தார்கள். 2022 அக்டோபரில், தீபாவளிக்கு முதல் நாள், அதே கோவையில் கோவில் வாசலில் கார் வெடித்தது. நம் டெல்டாவிலேயே, 2019 பிப்ரவரியில் திருபுவனத்தில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. கைக்குப் போனது. இதையெல்லாம் கண்டும் காணாமல் விடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு சம்பவம் நடந்தால் முதல் கேள்வி "உளவுத்துறை என்ன செய்தது?" என்றுதான் வரும் என்பதும், ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை என்பதும் உண்மை. ஒரு சாட்சி இன்னார் என்று அடையாளம் சொன்னால், அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு போவது சரியான துப்பறிதல். அந்த ஆள் முஸ்லிமாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி. எந்த அடையாளமும் கிடைக்காதபோது மதத்தையே அடையாளமாக எடுத்துக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

"சம்பவம் செய்தவர்கள் அந்தச் சமூகத்தில் இருந்து வந்தால் அங்கேதானே தேட வேண்டும்?" என்று பல அதிகாரிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் சுமார் 42 லட்சம் பேர், மக்கள் தொகையில் 5.86 சதவீதம். சதி செய்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். 42 லட்சம் பேருக்குப் பொதுவான ஒன்றை வைத்து அந்தச் சிலரைப் பிரித்தெடுக்க முடியாது. முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் வீடு வீடாக விவரம் எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டு, அந்த நேரத்தில் வெடிமருந்து எங்கே விற்கிறது, யார் திடீரென்று வாங்குகிறார் என்று பார்க்கப் போவதில்லை.

வேதாரண்யத்துக்காரன் என்பதால் எனக்கு இது வேறு விதமாகவும் தெரியும். ராஜீவ் காந்தியைக் கொல்ல வந்த விடுதலைப் புலிகளின் சிவராசன் குழு, 1991 மே முதல் தேதி வந்து இறங்கியது எங்கள் கோடியக்கரையில்தான். ராஜீவ் கொலைக்குப் பிறகு, இலங்கைத் தமிழ் பேசினாலே சந்தேகம் என்ற காலம் வந்தது. படகு வைத்திருந்தவர், அகதிக்கு வீடு வாடகைக்கு விட்டவர், மருந்து வாங்கிக் கொடுத்தவர் என்று எல்லோரும் பயந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த வழக்கில் துப்பு எப்படிக் கிடைத்தது? ஸ்ரீபெரும்புதூரில் செத்துக் கிடந்த புகைப்படக்காரர் அரிபாபுவின் கேமராவில் இருந்து. அந்தப் படச்சுருள்தான் முகங்களைக் கொடுத்தது. தடா என்ற அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றம் 1998-ல் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குக்குத் தடாவே பொருந்தாது என்று சொல்லி, 19 பேரை விடுவித்தது. அன்றைக்குத் தமிழர் என்பதற்காகச் சந்தேகிக்கப்பட்டதை நாம் அநியாயம் என்றோம். அந்த நியாயம் நாகூர்க்காரருக்கும் உண்டுதானே?

மகாராஷ்டிரத்தில் மாலேகானைப் பாருங்கள். 2006 செப்டம்பரில் முஸ்லிம்கள் கூடிய இடத்தில் குண்டு வெடித்தது, செத்தவர்களும் முஸ்லிம்களே. கைது செய்யப்பட்டவர்களும் முஸ்லிம் இளைஞர்கள். பலர் ஐந்து ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். பின்னால் விசாரித்த என்.ஐ.ஏ. வேறு ஆட்கள் மீது குற்றப்பத்திரிகை போட்டது. 2016-ல் சிறப்பு நீதிமன்றம் அந்த இளைஞர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. முதல் நாளே முடிவு செய்துவிட்டதால், பத்து ஆண்டுகள் போயும் செத்தவர்களின் குடும்பங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. கோவை வழக்கில் பலர் தண்டிக்கப்பட்டார்கள், சரி. அதே வழக்கில் 1998-ல் கைதான அப்துல் நாசர் மதானி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஜாமீன் இல்லாமல் இருந்துவிட்டு, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார்.

இதில் சட்டத்தின் பங்கு பெரியது. உபா (UAPA) என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் ஒருவர் பெயர் சேர்ந்துவிட்டால், குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை அவகாசம் வாங்கலாம். 43டி(5) பிரிவின்படி, போலீஸ் தரப்புக் காகிதங்களைப் பார்த்து முகாந்திரம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. விசாரணை முடியாமல் வருடக்கணக்கில் கிடப்பவருக்கு அரசியல் சாசன நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் நஜீப் வழக்கில் சொன்னது உண்மைதான். அந்த வழக்கிலேயே அவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்த பிறகுதான் அது நடந்தது. இவ்வளவு கடுமையான சட்டத்தின் முதல் படி, உங்கள் உதவி ஆய்வாளர் ஒருவருக்குத் தோன்றும் சந்தேகம். அது பெயரில் இருந்து தோன்றியதா, செயலில் இருந்து தோன்றியதா என்பதில் ஒரு மனிதனின் பத்து வருடம் இருக்கிறது.

நியூயார்க் போலீஸ் இதை முழு மூச்சாகச் செய்து பார்த்தது. 2001 தாக்குதலுக்குப் பிறகு தனிப் பிரிவே அமைத்து, பள்ளிவாசல், சாப்பாட்டுக் கடை, மாணவர் சங்கம் என்று முஸ்லிம்கள் புழங்கும் இடங்களையெல்லாம் வேவு பார்த்தார்கள். தம் காலத்தில், ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தப் பிரிவின் தகவலால் ஒரு பயங்கரவாத விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று அவர்களுடைய உளவுப் பிரிவின் தலைவரே 2012-ல் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொன்னார். 2014-ல் அந்தப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள்.

அதைவிட நமக்கு நெருங்கிய பாடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் 250 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். தாக்குதலை முன்னின்று நடத்திய சஹ்ரானைப் பற்றி முதலில் எச்சரித்தவர்கள் யார்? அவருடைய சொந்த ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்கள். அவருடைய ஆட்கள் 2017-ல் அங்கே சூஃபிகளைத் தாக்கியபோதே, அவரைக் கைது செய்யச் சொல்லிக் கேட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. எதிர்ப்பவர்களையும் குண்டு வைப்பவனையும் ஒரே கண்ணால் பார்த்தால் இதுதான் நடக்கும். தன் மகனின் போக்கு சரியில்லை என்று கவலைப்படும் ஒரு தாய், தன் மற்ற பிள்ளைகளும் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்தால் உங்களிடம் வருவாரா? விநாயகர் ஊர்வலத்துக்கு முந்தைய அமைதிக் குழுக் கூட்டத்தில் மட்டும்தான் ஜமாஅத் பெரியவர்களை நீங்கள் உட்கார வைத்துப் பேசுகிறீர்கள். மற்ற நாளெல்லாம் அவர்கள் உங்களுக்குத் தகவல் பட்டியல்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். சட்டம் ஏற்கெனவே சொல்வதைச் செய்தாலே பாதி சரியாகிவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 179-வது பிரிவின்படி சாட்சியை எழுத்து மூலம்தான் அழைக்க வேண்டும். சந்தேக நபர் என்றால், கைது தேவைப்படாதபோது, 35(3) பிரிவின் கீழ் நோட்டீஸ். போனில் "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பது எதிலும் இல்லை. ஏன் அழைக்கிறோம் என்ற காரணம், மதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் நிற்கிற காரணமாக, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவாகட்டும். பள்ளிவாசல் வாரியாக இளைஞர் பட்டியல் கேட்பதை நிறுத்துங்கள்.

இவற்றைவிட நான் அழுத்திக் கேட்பது ஒன்று. விசாரித்தீர்கள், சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது. அதை எழுதிக் கொடுங்கள். கையெழுத்து, தேதி, நிலைய முத்திரையோடு நாலு வரி. சோதனைக்கு வரும்போது தெரு முழுக்க ஜீப் நிற்கிறது, மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. சம்பந்தம் இல்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போகிறது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் காட்ட, வேலை கொடுப்பவரிடம் காட்ட, பெண் கொடுக்க வருபவரிடம் காட்ட, அந்த நாலு வரி போதும். அதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை, செலவும் இல்லை.

படிவத்தின் மாதிரியை நானும் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர்களும் எழுதித் தருகிறோம். ஜமாஅத் நிர்வாகிகளோடும் உங்களோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசவும் தயாராக இருக்கிறோம். பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 நாளின் பாதுகாப்புக்கான உத்தரவுகள் நிலையங்களுக்குப் போகும் முன், ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேதாரண்யம் பக்கத்து வழக்கறிஞர் ஒருவர்