செம்தூவைப் பார்க்கக் கற்றுத் தந்தவர்களுக்கு நன்றி

துனிசியாவின் வடமேற்கில், மெஜெர்தா ஆற்றங்கரையில் உள்ள செம்தூவின் ரோமானியப் பளிங்குக் குவாரியைப் பற்றி நான் எழுதி வந்த கட்டுரைத் தொடர் இம்மாதம் நிறைவடைந்தது. பண்டைக் காலத்தில் சிமித்தூஸ் எனப் பெயர் பெற்றிருந்த அவ்வூரைப் பற்றித் தமிழில் எழுத எனக்குத் துணைநின்ற அனைவருக்கும் இம்மடல் வழியாக என் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, 1965 முதல் அங்கே இணைந்து அகழாய்வு செய்த துனிசிய, ஜெர்மானியத் தொல்லியலாளர்களுக்கு உரியது. பிரீட்ரிக் ராகோபும் அவருடைய துனிசியச் சகாக்களும் மண்ணுக்கடியிலிருந்து வெளிக்கொணர்ந்த தொழிலாளர் முகாம் இல்லாவிட்டால், செம்தூ நமக்கு அழகிய மஞ்சள் பளிங்கு கிடைத்த ஒரு மலையாக மட்டுமே தெரிந்திருக்கும். அவர்களின் ஜெர்மன் அறிக்கைகளை வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்ன நண்பருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டுள்ளேன். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில், சுமார் 2 ஹெக்டேர் பரப்பில், மதில் சூழக் கட்டப்பட்ட அம்முகாமின் வரைபடத்தை விரித்து வைத்து, தொழிலாளர்கள் தங்கிய இடம் பின்னாளில் நீண்ட கூடங்கள் கொண்ட பட்டறையாக மாறியதை அவர் விளக்கிய பிறகே, தொடரின் மையம் எதுவாக இருக்க வேண்டும் என்பது எனக்கு உறுதியாயிற்று.

அருங்காட்சியகப் பணியாளர்களின் பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அந்தப் பட்டறையில் கடைந்த பளிங்குக் கிண்ணம் ஒன்றின் விளிம்பில் அவர்கள் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, மெருகேறிய வெளிப்புறத்துக்கும் வேலை முடியாமல் சொரசொரப்பாக நின்றுவிட்ட உட்புறத்துக்கும் உள்ள வேறுபாடு துலக்கமாகத் தெரிந்தது. செய்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் குவாரியில் வெட்டிய பாளங்களில் பேரரசரின் பெயரும், ஆண்டைக் குறிக்கும் கான்சல்களின் (ஆண்டுதோறும் பதவியேற்ற ரோமின் தலைமை ஆட்சியாளர்களின்) பெயர்களும், வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை வாசித்துக் காட்டிய லத்தீன் ஆசிரியருக்கு என் வணக்கம். கி.மு. 78இல் கான்சலாக இருந்த லெபிடஸ் இந்தப் பளிங்கைத் தம் வீட்டு வாசற்படிக்குப் பயன்படுத்திக் கடும் கண்டனத்துக்கு ஆளான செய்தியை ரோமானிய எழுத்தாளர் பிளினியின் நூலில் எடுத்துக் காட்டியவரும் அவரே.

குன்றின் கோயில்களை எனக்குக் காட்டியவர் உள்ளூர் வழிகாட்டி ஒருவர். வட ஆப்பிரிக்காவின் பண்டைய நுமிடிய நாட்டு அரசர் மிசிப்சாவின் காலத்தில் உச்சியில் எழுந்த நினைவுச் சின்னம், ரோமானியர் ஆட்சியில் சாட்டர்ன் என்ற தெய்வத்தின் கோயிலாகவும் பின்னர் கிறிஸ்தவத் தேவாலயமாகவும் மாறியது என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். அவரோ, அதைச் சுற்றியுள்ள பாறைகளில் செதுக்கப்பட்டு, மழையும் காற்றும் தேய்த்துவிட்ட சிறு புடைப்புச் சிற்பங்களிடம் என்னை அழைத்துச் சென்றார். வெயில் சாயும் வரை காத்திருக்கச் சொல்லி, பலிபீடத்தையும் அதன் அருகே நிற்கும் வழிபடுபவரையும் விரலால் தொடாமல் சுட்டிக் காட்டினார். அரசர் எழுப்பிய சின்னத்தைவிட அச்சிற்பங்களே எனக்கு அரியவையாகத் தோன்றின.

தொடரைப் படித்து, முகாமில் இருந்தவர்கள் அடிமைகளா, தண்டனைக் கைதிகளா, கூலியாட்களா என்று விடாமல் கேட்ட வாசகர்களுக்கும் நன்றி. அக்கேள்வியால்தான் முகாமுக்கு ஒதுக்கியிருந்த ஒரு பகுதி மூன்றாக விரிந்தது. தொடர் நூலாகும்போது, உதவியவர்களின் பெயர்கள் அவர்களின் ஒப்புதலோடு முதல் பக்கத்தில் இடம்பெறும்.