கவுண்ட் ஏறுமான்னு தெரியல

சுமி,

உன் மெசேஜ் எல்லாம் பாத்தேன்டி. பதில் போடலன்னு கோவிச்சுக்காத. போன்ல பேசினா அழுதுருவேன், பெரிய பொண்ணு பக்கத்துலயே படுத்திருக்கா, அதான் எழுதறேன். அண்ணனுக்கு சுகர் எப்படி இருக்கு? வார்டன் பேத்தி கல்யாணத்துக்கு நீயாவது போயிட்டு வா, எனக்கும் சேத்து ரெண்டு ஜிலேபி சாப்பிடு, உனக்கு அத சொல்லித்தரவா வேணும்.

பெரியவளுக்கு வந்திருக்கறது ஏப்ளாஸ்டிக் அனீமியாவாம். கேன்சர் இல்ல. எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி பண்றதயே கிட்டத்தட்ட நிறுத்திருச்சு, சிவப்பணு, வெள்ளணு, ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட் மூணுமே தரைக்கு வந்துருச்சு. நமக்கெல்லாம் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும், இவளுக்கு எட்டாயிரம். முதல்ல கால்ல கடுகு கடுகா சிவப்புப் புள்ளி, அப்பறம் ஒரு நாள் காலைல தலகாணி உறை பூரா ரத்தம், ஈறுல இருந்து. எதனால வந்துச்சு டாக்டர்னு கேட்டா, முக்கால்வாசி பேருக்கு காரணமே தெரியாதும்மா, உடம்போட எதிர்ப்பு சக்தியே மஜ்ஜைய அடிக்குதுங்கறாரு. நாத்தனார் கண்ணு பட்டிருச்சுங்கறா. எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இல்லடி.

கூடப்பொறந்தவங்க மஜ்ஜை பொருந்தினா மாத்து சிகிச்சைதான் முதல் வழி. பொருந்தறதுக்கு நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு. சின்னவனுக்குப் பொருந்தல. ரிப்போர்ட்ட கைல வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து "நான் தம்பியா இருந்து என்னம்மா பிரயோஜனம்"னு தேம்பித் தேம்பி அழுதான். அவ்ளோ பெரிய பையன். நான் எந்தப் பிள்ளையப் போய் தேத்துவேன் சொல்லு.

அதனால எதிர்ப்பு சக்திய அடக்கறதுக்கு ஏடிஜின்னு ஒரு மருந்து நாலு நாள் டிரிப்ல ஏத்தினாங்க, குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கறதாம். "இனிமே எனக்கு கொள்ளு ரசம்தான்மா"ன்னு சிரிக்கறா, உன் வாய் அப்படியே அவளுக்கு! இப்ப அதே வேலைக்கு சைக்ளோஸ்போரின்னு ஒரு மாத்திரை ஓடுது. ஆனா இது வேலை செஞ்சுதா இல்லையான்னு தெரிய மூணு மாசமாகும், ஆறு மாசம் கூட ஆகலாம். அதுவரைக்கும் யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. இதத்தான்டி என்னால தாங்க முடியல. கெட்ட சேதின்னா கூட அழுது தீத்துட்டு அடுத்தத பாக்கலாம். இதுல ஒரு நாள் பிளேட்லெட் கவுண்ட் பதினாலாயிரம்னு வரும், எனக்கு சாப்பாடு இறங்கும், மறுபடி பாத்தா ஒம்பதாயிரம், டாக்டரைக் கேட்டா அது வெளில இருந்து ஏத்தின பிளேட்லெட்டால ஏறினதும்மா, அவளா உண்டாக்கினது இல்லங்கறாரு. அப்ப நான் எத நம்பறது?

வெள்ளணு கம்மிங்கறதால கிருமி தொத்திரும்னு பச்சைக் காய் கூடாது, ரூம்ல பூ கூடாது, கோயில் பிரசாதம் கூடாது. மல்லிப்பூன்னா உயிர விடுவா. தல்லாகுளம் பெருமாள் கோயில் துளசிய வாங்கி வாசல்லயே கும்பிட்டு வச்சுட்டு வர்றேன்.

எல்லாரும் "சரியாயிடும்"னு சொல்றாங்க. நீ மட்டும் சொல்லாத சுமி. இன்னைக்கு என்ன சாப்பிட்டா, என்ன பேசினா, அதக் கேளு.

ஒரு உதவி வேணும். பிளேட்லெட்ட அஞ்சு நாளைக்கு மேல வச்சிருக்க முடியாதாம், அதனால டோனர் வந்துகிட்டே இருக்கணும். பி பாசிட்டிவ். உன் பையன் ஆபீஸ்ல கேட்டுப் பாரேன். ஒன்றரை மணி நேரம் போல உக்காரணும், பிளேட்லெட்ட மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மிச்ச ரத்தத்த திருப்பி ஏத்திருவாங்க, மூணு நாளைக்குள்ள ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. அப்படியே அந்தப் பசங்கள தாத்ரில பதிஞ்சு வைக்கச் சொல்லு, 2009ல சென்னைல ஆரம்பிச்ச ஸ்டெம்செல் பதிவேடு அது, கன்னத்து உள்பக்கம் பஞ்சு வச்சு எடுக்கறதுதான் டெஸ்ட். இந்த மருந்து கேக்கலன்னா வெளி ஆள்லதான் தேடணும். நம்மளுக்கு இல்லாட்டியும் வேற யாரோ ஒரு பிள்ளைக்கு ஆகும்ல.

வெள்ளிக்கிழமை ரத்தத்துல அந்த மாத்திரை எவ்ளோ இருக்குன்னு லெவல் பாப்பாங்க, வந்ததும் மெசேஜ் போடறேன். நீ எழுது, நீளமா எழுது, அவளுக்கும் படிச்சுக் காட்டறேன்.

உன்
மீனா