ரோபோ படம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவு பற்றிப் புதியவர்களுக்கு எழுதும்போது, ரோபோ படத்தைப் போட்டு 'மனிதனை மிஞ்சுமா' என்று கேட்பதை விட்டுவிட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லுங்கள். சாட்ஜிபிடி போன்றவை மனிதர்கள் எழுதிய ஏராளமான உரைகளில் பழகி, 'மழை வரும்போல இருக்கிறது, கையில்' என்று நாம் நிறுத்தினால் அடுத்து 'குடை' வரத்தான் வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு, இப்படியே ஒவ்வொரு சொல்லாகவோ சொல்லின் துண்டாகவோ சேர்த்துக்கொண்டு போகின்றன. உண்மையா என்று பார்ப்பது அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் இல்லாத புத்தகத்துக்குக்கூட ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் கூசாமல் சொல்லும். அப்புறம், இது நேற்று முளைத்ததும் இல்லை. 1966-லேயே ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் 'எலிசா' என்ற உரையாடும் கணினி நிரலை வெளியிட்டார். அது எழுதிவைத்த விதிப்படி பேசியது, இன்றையவை தரவிலிருந்து பழகுகின்றன. இந்த வித்தியாசத்தையாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாமே?

– ஒரு வாசகர்