லேசர் டேக் ஆடப் போகும் தோழிக்கு

அன்புள்ள கலைச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாருக்குக் காய்ச்சல் விட்டு உடம்பு தேறிவருவதும், உன் இடமாற்றம் ரத்தானதும் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கு அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் செய்தித்தாளைக் கையில் எடுத்துவிட்டார்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகனின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, ஒளித் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு மதிப்பெண் எடுக்கும் லேசர் டேக்கை உள்ளரங்கில் ஆடப் போவதாகவும், உன்னையும் ஆடச் சொல்லி வற்புறுத்துவதாகவும், வெளியே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ நழுவப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தாய். நழுவாதே, உள்ளே போ. வேகமும் உடல் வலுவும் உள்ளவர்களுக்கான ஆட்டம் இது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் என் மகளோடும் அவளுடைய தோழிகளோடும் சில ஆண்டுகளாக ஆடிவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: பொறுமையாக நடந்து, நாலாபுறமும் கண்ணை ஓடவிட்டு, நின்று குறிபார்க்கிறவர்கள்தான் இதில் முந்துகிறார்கள். பள்ளிநாளிலிருந்தே உனக்கு அந்த நிதானம் உண்டு.

துப்பாக்கியிலிருந்து என்ன வரும், வலிக்குமா என்று கேட்டிருந்தாய். எந்தப் பொருளும் பாய்ந்து வருவதில்லை என்பதால் வலி என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலான அரங்குகளில் உண்மையான வேலையைச் செய்வது, டிவி ரிமோட்டிலிருந்து வருவதைப் போன்ற, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சுட்டவர் யார் என்னும் குறியீட்டை அந்தக் கதிர் சுமந்து வருவதால்தான், யார் யாரைச் சுட்டார் என்பதை, நீ மேலே மாட்டிக்கொள்ளும் வெஸ்ட் என்ற கையில்லாத அங்கியிலுள்ள சென்சார் (கதிரை உணரும் கருவி) கண்டுகொண்டு மதிப்பெண் கணக்கில் சேர்க்க முடிகிறது. கூடவே தெரியும் சிவப்பு அல்லது பச்சை ஒளிக்கோடு, குறி எங்கே போகிறது என்பதை ஆடுகிறவருக்குக் காட்டுவதற்காக இருப்பது. அது குறைந்த திறன் கொண்ட ஒளிதான் என்றாலும், பக்கத்தில் நின்று எவருடைய கண்ணுக்கு நேராகவும் பிடிக்கக் கூடாது என்றும், துப்பாக்கி முனைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்றும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

இது நேற்று வந்த விளையாட்டு அல்ல என்பதையும் உனக்குச் சொல்ல ஆசை. வீரர்களுக்குப் போர்ப்பயிற்சி அளிக்க லேசரும் சென்சாரும் கொண்ட கருவிகளை அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்திலேயே பயன்படுத்தியது. 1984இல் ஜார்ஜ் கார்ட்டர் என்பவர் டல்லாஸ் நகரில் ஃபோட்டான் என்ற பெயரில் ஓர் அரங்கைத் திறந்தார். பொதுமக்கள் கட்டணம் செலுத்தி ஆடும் லேசர் டேக் அங்கிருந்துதான் தொடங்கியது. நாம் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே உலகின் வேறொரு மூலையில் இதை ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால் முழுவதையும் மூடும், அடிப்பாகம் வழுக்காத ஷூ கட்டாயம். தொங்கும் ஆடைகளையும் நீளமான சங்கிலியையும் தவிர்த்துவிடு. அரங்கினுள் புறஊதா விளக்குகள் எரிவதால், வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற நிறங்களும் இருட்டிலும் மின்னி, நீ நிற்கும் இடத்தைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அடர்நிறத்தில், காற்றோட்டமான பருத்தி உடை உடுத்திக்கொள். கனமான வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு நடப்பதால் சற்று நேரத்திலேயே வியர்த்துவிடும். கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை.

உடல்நலத்தைப் பற்றியது இதைவிட முக்கியம். ஒளிக்கோடுகள் தெரிவதற்காக அரங்கில் செயற்கைப் புகைமூட்டம் விடுவார்கள், விட்டுவிட்டு எரியும் விளக்குகளும் இருக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளையாக இருந்தால் இன்ஹேலரைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். மின்னும் விளக்குகளால் வலிப்பு வரும் என்று மருத்துவர் எச்சரித்தவர்கள் உள்ளே போகவே கூடாது. இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடமும் அரங்கத்தாரிடமும் கேட்டுக்கொண்டு முடிவு செய்வது நல்லது. மிகச் சிறிய குழந்தைகள் இருட்டையும் இரைச்சலையும் கண்டு மிரண்டுபோவார்கள். அவர்களை வற்புறுத்தி அழைத்துப் போகாதே.

குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பெயர் பதிவதும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதும், வெஸ்ட்டின் பட்டைகளை உடம்புக்கு ஏற்ப இறுக்குவதும் நேரம் பிடிக்கும் வேலைகள். ஆட்டத்துக்கு முன் மார்ஷல், அதாவது ஆட்டத்தைக் கண்காணிக்கும் அரங்கப் பணியாளர், சில நிமிடங்கள் விதிகளை விளக்குவார். முதன்முறை போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் சிரித்துப் பேசி, படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீ அதைக் காதுகொடுத்துக் கேள். விதிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஓரிடத்தில் தோளில் பட்டால் குறைந்த மதிப்பெண், மற்றோரிடத்தில் எங்கே பட்டாலும் ஒரே மதிப்பெண். ஓரிடத்தில் சுடுவதற்கு எல்லையில்லை, மற்றோரிடத்தில் சுடும் வாய்ப்புகள் தீர்ந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய் நிரப்பிக்கொள்ள வேண்டும். சில ஆட்டங்களில் தன் அணியினரையே சுட்டுவிட்டால் மதிப்பெண் குறையும். ஓடக் கூடாது, தடுப்புகளின் மேல் ஏறக் கூடாது, ஒருவரையொருவர் தொடக் கூடாது, கையால் சென்சாரை மறைக்கக் கூடாது என்பவை மட்டும் நான் போன எல்லா இடங்களிலும் பொது. துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சுட முடியும் என்ற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அது தொந்தரவாகத் தோன்றினாலும், கையை வீசி யாரையும் இடித்துவிடாமல் காப்பது அதுவே.

உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்களாவது ஆகும். அதனால் வெஸ்ட் மாட்டிய பிறகு கைபேசித் திரையைப் பார்க்காதே; ஒருமுறை பார்த்தாலும் கண் மறுபடியும் இருட்டுக்குப் பழக வேண்டியிருக்கும். முதல் நிமிடத்தில் யாரையும் சுட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். சாய்தளம் எங்கே ஏறுகிறது, எந்தச் சுவரில் துளை இருக்கிறது, முட்டுச்சந்து எது என்று ஒரு சுற்று நடந்து பார்த்துக்கொள். ஆட்டம் பெரும்பாலும் பத்து முதல் இருபது நிமிடம்தான் என்றாலும், அப்படி நடக்கும் நேரம் வீண்போவதில்லை.

நீ சுடப்பட்டால் என்ன நடக்கும் என்பதை நன்றாகப் புரிந்துகொள், ஏனென்றால் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வெஸ்ட் ஒரு முறை அதிரும், ஒரு சத்தம் கேட்கும், மார்பிலும் தோளிலும் எரிந்துகொண்டிருந்த விளக்குகள் அணைந்துவிடும், விசையை அழுத்தினாலும் துப்பாக்கி பேசாது. இந்த நிலை சில வினாடிகளே நீடிக்கும். பிறகு விளக்குகள் தாமாகவே எரிய, நீ மறுபடி ஆட்டத்தில் இருப்பாய். பல ஆட்டங்களில் ஆட்டமிழந்து வெளியேறுவது என்பதே கிடையாது. அந்தச் சில வினாடிகளில் திகைத்து அதே இடத்தில் நின்றால், விளக்கு எரிந்த மறுகணமே அதே ஆள் உன்னை மறுபடியும் சுடுவார். விளக்கு அணைந்ததும் நடக்கத் தொடங்கிவிடு. அவர் எதிர்பார்க்காத வேறொரு மூலையில் உன் விளக்கு எரியட்டும். என் மகளின் தோழி ஒருத்தி, எங்களில் எவரையும்விட மெதுவாக நடப்பவள், இந்த ஒரு பழக்கத்தாலேயே பலமுறை முதலிடம் பிடித்திருக்கிறாள்.

குறிபார்ப்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒளி போய்ச் சேர நேரமே ஆவதில்லை என்பதால், நகர்ந்துகொண்டிருக்கும் ஆளுக்கு முன்னால் தள்ளிச் சுட வேண்டியதில்லை. ஆள் இருக்கும் இடத்தையே பார்த்து அழுத்து. விசையை ஓயாமல் அழுத்துவதைவிட, எதிராளியின் வெஸ்ட்டில் எரியும் விளக்கைத் தேடி நின்று சுடுவதே பலன் தரும், ஏனென்றால் சென்சார் பெரும்பாலும் அந்த விளக்கை ஒட்டியே இருக்கும். அதே காரணத்தால் உன் விளக்கும் உன்னைக் காட்டிக்கொடுக்கும். தடுப்பின் பின்னால் நிற்கும்போது முகத்தை மறைத்துவிட்டோம் என்று நம்பிவிடாதே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோளில் ஒரு சென்சார் இருக்கும். பல இடங்களில் துப்பாக்கியிலும் ஒன்று இருக்கும். கண்ணாடி பொருத்திய சுவர்கள் இருந்தால் கதிர் அதில் பட்டுத் திரும்பி வரும் என்பதையும் மனத்தில் வை.

பிள்ளைகளோடு போகிறாய் அல்லவா? அணி பிரிக்கும்போது சின்னவர்களை ஒரே பக்கம் சேர்த்துவிடாமல், பழகிய ஒருவரோடு புதியவர் ஒருவரை இணைத்து விடுங்கள். இருவராகப் போனால் ஒருவர் முன்னே பார்க்க, மற்றவர் பின்னே பார்க்கலாம். முதுகிலும் சென்சார் உண்டு என்பதைப் புதியவர்கள் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து துரத்திச் சுட்டு அழவைக்கும் பெரிய பையன்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள்; அப்படி நடந்தால் தயங்காமல் மார்ஷலிடம் சொல். பிறந்தநாள் பையனுக்காகப் போவது என்பதால் அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவை, தோற்றாலும் முகம் சுருங்கக் கூடாது என்று.

முடிந்ததும் திரையிலோ தாளிலோ ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் வரும். அதில் மொத்தத்தைப் பார்த்து மனம் தளராதே. எத்தனை முறை சுட்டாய், அதில் எத்தனை பட்டது என்ற விகிதத்தைப் பார். முடிந்தால் அன்றே இரண்டாவது ஆட்டத்துக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அரங்கின் வழிகள் பிடிபடுவதற்குள் முதல் ஆட்டம் முடிந்துவிடும்; இரண்டாவதில்தான் இதன் முழுச் சுவையும் தெரியும்.

போய் வந்து எல்லாவற்றையும் விரிவாக எழுது. அக்காவுக்கு என் அன்பையும், மருமகனுக்குப் பிறந்தநாள் வாழ்த்தையும் சொல்.

அன்புடன்,
வாசுகி