படத்தில் ஒரு கப்பல் குறைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மிதக்கும் எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையங்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். "முனையத்தைக் கட்ட வேண்டாம், கப்பலைக் கட்டினால் போதும்" என்ற வரியை இரண்டு முறை படித்து ரசித்தேன். எழுதியவருக்குக் குறும்பு வருகிறது. ஆனால் அந்த வரிக்குக் கீழே போட்டிருந்த படத்தில் ஒரு கப்பல் குறைகிறது. நீலக் கடல், ஜெட்டி எனப்படும் நீண்ட இறங்குதுறை, அதில் கட்டிய ஒரே ஒரு கப்பல். சரி, அந்தக் கப்பலுக்குள் எரிவாயு எப்படி வந்தது?

நான் எல்என்ஜி கப்பல்களில் கேஸ் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆறு ஆண்டுகள் இப்படிப்பட்ட மிதவை முனையம் ஒன்றில்தான் போயின. எந்த நாடு, எந்தக் கம்பெனி என்ற விவரம் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும் என்று கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. மிதவை முனையம் அந்தத் திரவத்தைத் தன் டேங்குகளில் வாங்கி வைத்து, கடல்நீரின் சூட்டையோ பாய்லர் நீராவியையோ கொண்டு மறுபடி வாயுவாக்கி, குழாய் வழியே கரைக்குத் தள்ளும் கப்பல். எங்கள் பேச்சில் எஃப்எஸ்ஆர்யூ. அது கட்டிப்போட்ட மாடு. புல்லைத் தேடி அது போகாது, புல்தான் அதைத் தேடி வர வேண்டும். அந்தப் புல்லைச் சுமந்து வருகிற இரண்டாவது கப்பலைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. நாளொன்றுக்கு 50 கோடி கன அடி வாயு அனுப்பும் முனையம் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் இது நடுத்தர அளவுதான். அது கிட்டத்தட்ட 1.4 கோடி கன மீட்டர். அறுநூறால் வகுத்தால் தினமும் சுமார் 23,500 கன மீட்டர் திரவம் காலியாகிறது. பெரிய எஃப்எஸ்ஆர்யூவின் கொள்ளளவு 1,70,000 கன மீட்டர். ஆக, நிரம்பிய கப்பலில் ஏழு நாள் சரக்குதான் இருக்கிறது. டேங்க் சூடேறாமலிருக்க அடியில் கொஞ்சம் எப்போதும் விட்டுவைக்க வேண்டும், மேலேயும் விளிம்புவரை நிரப்ப முடியாது. கழித்தால் ஆறு நாள் சொச்சம்.

இதன் பொருள், வாரத்துக்கு ஒரு கப்பல் வந்து பக்கத்தில் அணைந்தே ஆக வேண்டும். ஏழாம் நாள் வர வேண்டியது மூன்றாம் நாளே வந்துவிட்டால் இறக்க இடமில்லை. பத்தாம் நாள் வந்தால் கரைக்கு அனுப்ப எரிவாயு இல்லை. கரையில் கட்டும் முனையத்தில் இதே அளவில் இரண்டு மூன்று டேங்குகள் இருக்கும், நாலைந்து நாள் தாமதத்தை அது விழுங்கிவிடும். அதைக் கட்ட நாலைந்து ஆண்டு ஆகும் என்று கட்டுரையாளர் சொன்னது உண்மை. அந்த ஆண்டுகளில் கட்டப்படுவதில் பெரும்பங்கு இந்தத் தாங்குசக்திதான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் இருந்த முனையத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சரக்குக் கப்பல் சொன்ன தேதிக்கு வந்து வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, காற்றே இல்லை. கரை அலுவலகத்திலிருந்து போன் வருகிறது: "என்ன சார், கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, ஏன் இன்னும் கப்பலை எடுக்கவில்லை?" அவர் மூன்றாம் மாடியிலிருந்து பார்க்கிறார். நான் டெக்கில் நின்று கயிறுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆமாம், கேட்டுக்கொண்டுதான். கயிற்றுக்கு இழுவிசை ஏறும்போது ஒரு முனகல் வரும். பதினான்கு பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அது வந்துகொண்டிருந்தது.

எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் நீண்ட அலை அது. கடலோரத்தில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் சொல்வார்கள், இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் எந்தக் கப்பலிலும் கேட்டதில்லை. உயரம் ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்த நீளமான ஏற்ற இறக்கத்தில் பெரிய கப்பல்தான் அதிகம் ஆடும். சின்னச் சின்னதாய் நுரைத்துக்கொண்டு வரும் இரண்டு மீட்டர் அலையை அது சட்டையே செய்யாது. பக்கத்துப் பக்கத்தில் கட்டிய இரண்டு கப்பல்களும் ஒரே தாளத்தில் ஆடினாலும் பரவாயில்லை. ஒன்றில் சரக்கு நிரம்பியிருக்கும், மற்றதில் வற்றியிருக்கும், ஆட்டம் ஒத்துவராது. நடுவில் ஆளைவிட இருமடங்கு உயரமான ரப்பர் தடுப்பான்கள் நசுங்கி நசுங்கி மீளும். அவற்றுக்கு மேலே மைனஸ் 162 டிகிரி திரவம் ஓடும் ஹோஸ்கள் தொங்கும்.

அந்த ஹோஸ்களின் முனையில், கப்பல்கள் விலகினால் சில நொடிகளில் தானே கழன்று இருபுறமும் மூடிக்கொள்ளும் இணைப்பு உண்டு. இருந்தாலும் யாரும் அதை நம்பிக் கப்பலை அணைப்பதில்லை. இறக்கும் நேரம் முழுக்கக் கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர்த் திரை ஓடிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் இந்தத் திரவம் ஒரு வாளி சிந்தினாலும் சாதாரணக் கப்பல் இரும்பு அந்தக் குளிரில் கண்ணாடிபோல் விரிசல் விடும்.

முதல் நாள் கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் அனுப்பும் அளவைப் பாதியாக்கினோம். மூன்றாம் நாள் பம்புகள் நிற்காமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கு இறக்கினோம். கரையில் ஒரு மின் நிலையம் தன் டர்பைனை நிறுத்தியது. போன் செய்தவரின் குரல் மாறியது. நான்காம் நாள் விடியலில் முனகல் அடங்கியிருந்தது. கட்டி முடிக்க மூன்று மணி நேரம். ஹோஸ்களை மாட்டி, நைட்ரஜன் விட்டுக் கசிவு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை விட்டுக் குளிர்விக்க மேலும் சில மணி நேரம். இதில் அவசரப்பட்டால் குளிரில் உலோகம் சுருங்கி இணைப்புகள் கசியும். வெண்பனி படிந்துகொண்டே ஹோஸ் டிக், டிக் என்று சொடுக்குப் போடும், அதன் வேகத்தை வைத்தே அனுபவசாலிகள் திரவத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

பிறகுதான் பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். இடம் தேர்வு செய்தபோது அலை அளக்கும் மிதவையைக் கடலில் போட்டிருந்தது ஐந்தே மாதம். அதுவும் கடல் சாதுவாக இருக்கும் ஐந்து மாதம். யார் செய்த ஆய்வு என்று எழுதப் போவதில்லை. அதன் பலனை ஆறு ஆண்டு அனுபவித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் கப்பலில் ஒரு குறையும் இல்லை, அதை நிறுத்திய இடத்தில்தான் எல்லாக் குறையும்.

கட்டுரையில் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனை உதாரணம் காட்டியிருந்தீர்கள். 194 நாளில் ஜெட்டி, 2022 டிசம்பரில் ஹோயெக் எஸ்பெரன்சா கப்பல் வந்து சேர்ந்தது. பாராட்ட வேண்டிய வேகம்தான். ஆனால் ஆழமான நீர்வழி முன்பே இருந்தது, பழைய இறங்குதுறையும் அங்கே இருந்தது, அனுமதிகளைச் சுருக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். அந்த 194ஐ மட்டும் பெயர்த்தெடுத்துத் திறந்த கடலுக்குக் கொண்டுபோக முடியாது. லிதுவேனியாவின் கிளைபேடாவைப் பாருங்கள். 2014இல் வந்த இன்டிபென்டென்ஸ் கப்பல், 1,70,000 கன மீட்டர், காயலுக்குள், ஒரு தீவின் ஓரமாக நிற்கிறது. தீவின் பெயருக்குப் பன்றிமுதுகு என்று பொருள். நாட்டின் பெருமைமிகு கப்பல் பன்றியின் முதுகில் சாய்ந்துகொண்டிருப்பதை அங்கே யாரும் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த மறைவில்தான் இரண்டாவது கப்பல் நிம்மதியாக அணைகிறது.

மறைவில்லாத இடத்தின் கதை வங்கதேசத்தின் மகேஷ்காலி. திறந்த கடலில் இரண்டு மிதவை முனையங்கள். 2023 மே மாதம் மோக்கா புயலின்போது இரண்டிலிருந்தும் எரிவாயு நின்றது. 2024 மே மாதம் ரெமால் புயலில் எங்கிருந்தோ அடித்துவரப்பட்ட ஒரு கனத்த இரும்பு மிதவை அவற்றில் ஒன்றின் மேல் மோதியது. கப்பல் பழுதுபார்க்கச் சிங்கப்பூர் போய்த் திரும்பியது. பிறகு கப்பலைக் கட்டிவைக்கும் கயிற்றமைப்பில் சிக்கல். மறுபடி எரிவாயு ஓடியது செப்டம்பரில். கரையிலுள்ள டேங்கைப் புயலுக்குப் பயந்து சிங்கப்பூர் அனுப்ப வேண்டியதில்லை. அதே சமயம், புயல் வந்தால் கழற்றிக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடக்கூடிய வசதி கரை டேங்குக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது கப்பல் அலையால் மட்டும் வராமல் போவதில்லை, விலையாலும் வராமல் போகும். 2022 ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் சரக்குக்கு டெண்டர் விட்டது, விற்க ஒருவர்கூட விலை கூறவில்லை. ஐரோப்பா எல்லாவற்றையும் வாரிக்கொண்டிருந்த நேரம் அது. வங்கதேசம் அதே மாதம் உடனடிச் சந்தையில், அதாவது நீண்டகால ஒப்பந்தமில்லாமல் அன்றைய விலைக்கு, வாங்குவதையே நிறுத்தியது. முனையங்கள் இருந்தன, குழாய்கள் இருந்தன, ஆட்கள் பணியில் இருந்தார்கள். வாடகை மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது, எஃப்எஸ்ஆர்யூவுக்கு வாடகை நாள் கணக்கு, எரிவாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

கட்டுரைக்குப் பின்னூட்டமாக வந்த கடிதங்களில் ஒருவர் இதை "மிதக்கும் வெடிகுண்டு" என்று எழுதியிருந்தார். திரவம் அப்படியே வெடிக்காது. ஆவியாகி, காற்றில் ஐந்திலிருந்து பதினைந்து சதவீதம் கலந்தால்தான் பற்றும். 1944இல் கிளீவ்லாந்தில் டேங்க் உடைந்து சுமார் 130 பேர் இறந்ததும் உண்மை, அந்த உலோகத்தைத் தொழில் அதன்பின் மாற்றிக்கொண்டதும் உண்மை. பயப்படுவதானால் என் மனசுக்குக் குளோரின்தான் முதலில் வருகிறது: கடல்நீரை உள்ளே எடுத்துச் சூடு உறிஞ்சும் குழாய்களில் சிப்பி படியாமலிருக்க அதைச் சேர்த்து, குளிர்ந்த நீரோடு திரும்பக் கடலில் விடுவார்கள். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது இதற்குத்தான். மீன் பிடிப்பவர்கள் இதைக் கேட்பது நியாயம்.

கடைசியாக ஒரு தகவல். 2005இல் மெக்சிகோ வளைகுடாவில் முதன்முதலாக இந்த வேலையைச் செய்த கப்பல் எக்செல்சியர். அப்போது அதற்கு இரண்டாவது கப்பல் கிடையாது. தானே சுமந்து வந்து, கடலடிக் குழாயோடு இணைந்த மிதவையில் மாட்டிக்கொண்டு, தானே ஆவியாக்கிக் கொடுத்துவிட்டுப் போகும். போன பிறகு அடுத்தது வரும்வரை குழாய் காத்திருக்கும். அந்த முனையத்தை 2012இல் மூடிவிட்டார்கள். கப்பல் வேறு வேலை தேடிக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து, 2025இல், அதே எக்செல்சியர் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனின் இரண்டாவது முனையத்தில் வந்து நிற்கிறது.

ஆகவே உங்கள் நிருபர் அடுத்து ஏதாவது ஒரு மிதவை முனையத் திட்டத்தைப் பற்றி எழுதப் போனால், கப்பல் எப்போது வரும் என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேட்கட்டும். அலை அளவி எத்தனை மாதம் கடலில் மிதந்தது, அதன்படி வருடத்தில் எத்தனை நாள் இரண்டாவது கப்பல் அணைய முடியாது என்று. பதில் கைவசம் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்றால், எந்த மாதத்தில் தொடங்கியது என்று மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேஸ் இன்ஜினியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)