செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் ஊராருக்குச் சொந்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான ஸ்காட்லாந்துப் பயணக் கட்டுரை, செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பழைய கோல்ஃப் மைதானத்தை, உறுப்பினர் அல்லாதவர்கள் வெளியே நின்று படமெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டிய தனியார் சங்கம் என்ற பொருள்பட விவரித்திருந்தது. எடின்பரோவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் நானும் என் மனைவியும் அந்தப் புல்வெளியின் நடுவே, ஒருவரும் தடுக்காமல், நடந்துவிட்டு வந்தோம். ஆகவே இந்தத் திருத்தத்தை எழுதுகிறேன்.

முதல் குழியின் (பந்தை அடிக்கத் தொடங்கும் இடம் முதல் அது விழ வேண்டிய துளை வரையிலான பகுதியைக் குழி என்பார்கள்) தொடக்கத்தில் நிற்கும் சாம்பல் நிறக் கல் கட்டடமே இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்க வேண்டும். 1754இல் தொடங்கப்பட்டு, 1834இல் நான்காம் வில்லியம் மன்னரால் 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' என்ற பெயரைப் பெற்ற சங்கத்தின் மாளிகை அது. அதற்குள் உறுப்பினர் அல்லாதவர்கள் விருப்பப்படி நுழைய முடியாது என்பது உண்மை. பெண்களையே உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள 2014இல்தான் முடிவெடுத்தார்கள். ஆனால் அந்த மாளிகைக்கு எதிரே விரிந்து கிடக்கும் நிலம் சங்கத்துடையது அன்று. அது ஊர்ப் பொதுச் சொத்து. 1974ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த ஓர் அறக்கட்டளை அதைப் பராமரித்து வருகிறது.

நம் ஊர்களில் மந்தைவெளி எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அப்படியே இந்த நிலமும் இருந்திருக்கிறது. வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையே தடைசெய்தது, ஆட்டமோ நின்றபாடில்லை. 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன், அங்கே முயல் வளர்க்க அனுமதி பெற்றபோது, கோல்ஃபும் கால்பந்தும் ஆடும் ஊராரின் உரிமையை எழுத்தில் உறுதிசெய்து கொடுத்தார். 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தை விற்க, அது முயல் வணிகர்களின் கைக்குப் போனது. ஆட்டக்காரர்களுக்கும் அவர்களுக்கும் வழக்கும் கைகலப்புமாக ஆண்டுகள் ஓடின. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் வாங்கிய பிறகே சண்டை ஓய்ந்தது. 1894இல் நகரசபை நிலத்தை மீட்டுக்கொண்டது.

இந்த நிலத்தின் தன்மையையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. கடற்கரைக்கும் உள்ளே இருக்கும் விளைநிலத்துக்கும் இடையே, உழவுக்கு உதவாத மணல்மேட்டுப் பரப்பை அங்கே 'லிங்க்ஸ்' என்கிறார்கள். ஏற்ற இறக்கங்கள் எல்லாம் பெரும்பாலும் காற்றும் மணலும் செய்தவை. மைதானத்தில் பந்தைச் சிக்கவைக்கும் 112 மணற்பள்ளங்களில் சில, கடற்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துப் பள்ளமானவை என்று சொல்வார்கள். 'நரகம்' என்று பெயர் பெற்ற பதினான்காம் குழியின் மணற்பள்ளத்தை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபோது, பந்தை விடுங்கள், ஆளே விழுந்தால் ஏறி வருவது எப்படி என்றுதான் எனக்குத் தோன்றியது. 22 குழிகளாக இருந்த ஆட்டம் இங்கே 1764இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதுவே பின்னர் உலக வழக்காயிற்று. போகும்போது ஆடும் குழியும் திரும்பும்போது ஆடும் குழியும், துளையைச் சுற்றிய ஒரே பச்சைத் திடலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏழு இடங்கள் உண்டு. அந்த ஒவ்வொரு இடத்திலும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வருவதைக் கண்டுபிடித்தது என் மனைவி.

பெரும் போட்டிகள் நடக்கும் சில நாள்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஆட்டம் இல்லை. ஆடுபவர்களுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் நிலத்துக்கு வேண்டும் என்று, மைதானக் காப்பாளராக இருந்த ஓல்டு டாம் மோரிஸ் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. நாங்கள் போன அன்று நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பலர் போனார்கள். பதினெட்டாம் குழிக்குப் போகும் வழியில் உள்ள ஸ்வில்கன் என்ற சிறு கற்பாலத்தின் மேல் நின்று படமெடுக்க வரிசை நின்றது. மேய்ப்பர்கள் கால்நடைகளை ஓட்டிச் செல்வதற்காகக் கட்டிய பாலம் அது. 2023 பிப்ரவரியில் அதன் முகப்பில் புதிதாகக் கல் பாவினார்கள். கண்டனம் எழவே, சில நாள்களிலேயே அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

ஆட விரும்புவோருக்கும் வழி உண்டு. உலகின் எந்த மூலையிலிருந்து வந்தவரும் ஆட்டத் திறனைக் குறிக்கும் ஹேண்டிகேப் சான்றைக் காட்டி, ஆட இடம் ஒதுக்கும் குலுக்கலில் இரண்டு நாள் முன்னதாகவே பெயர் கொடுக்கலாம். கோடையில் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல் என்பதால் அதை எளியோர் ஆட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பக்கத்திலேயே, 1867இல் தொடங்கிய மகளிர் சங்கத்தின் 'இமயமலை' என்ற மேடுபள்ளத் திடலில், சில பவுண்டுகள் கொடுத்தால் யாரும் மட்டையைப் பிடித்துப் பந்தை உருட்டலாம். இதற்கு முன் கோல்ஃப் மட்டையைத் தொட்டறியாத நாங்களும் உருட்டினோம்.

தமிழ் வாசகர்களுக்காக இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். இவ்வூரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்தியபோது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் 'மெட்ராஸ் முறை'யை வகுத்தவர். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் திறக்கப்பட்ட பள்ளியின் பெயர் மெட்ராஸ் கல்லூரி. அதன் பழைய கட்டடம் மைதானத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சவுத் ஸ்ட்ரீட்டில் நிற்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க ஸ்காட்லாந்து செல்லும் பெற்றோர் பலர் தங்கள் இதழின் வாசகர்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் போய், ஒரே நாளில் திரும்பிவிடலாம். மைதானத்துக்குள் நடக்க ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும், மற்ற நாள்களில் முதல், பதினெட்டாம் குழிகளின் குறுக்கே போகும் பொதுப் பாதையைப் பந்து வருகிறதா என்று பார்த்தே கடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து, ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.