காசு போச்சா, போகலையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைபேசிச் செயலிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் அழகு, வேகம், பாதுகாப்பு எல்லாம் இருந்தது. ஏதாவது தப்பானால் செயலி திரையில் காட்டும் பிழைச் செய்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செயலி எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்தக் கடிதம்.

என் அத்தை திருப்பரங்குன்றத்தில் பூக்கட்டி விற்கிறார். போன மாதம் விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கிலோ மல்லி எடுத்து, 900 ரூபாயைப் போனிலேயே அனுப்பினார். வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்' என்று வந்தது. கடைக்காரரும் "வரலக்கா" என்றார். முயலச் சொன்னதால் முயன்றார். பத்து நிமிடம் கழித்து சவுண்ட் பாக்ஸ் 900 ரூபாய் வந்ததாக இரண்டு முறை அறிவித்தது. தெரிந்த மனுஷர், திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று மாலை அத்தை என்னிடம், "ஏய்யா, நீதான இதெல்லாம் எழுதுற? காசு போச்சா போகலயான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டார்.

உண்மையில் அந்த நேரத்தில் செயலிக்கே அது தெரியாது. சர்வரிலிருந்து குறித்த நேரத்துக்குள் பதில் வராததை டைம் அவுட் என்போம். பணம் போகவில்லை என்று அதற்குப் பொருளில்லை. போயிருக்கலாம், பதில் மட்டும் வழியில் நின்றிருக்கலாம். எங்கள் ஆட்கள் பின் நம்பர் தப்பு, கணக்கில் காசில்லை, டைம் அவுட் எல்லாவற்றையும் ஒரே கேட்ச் பிளாக்கில், அதாவது தவறுகளைப் பிடித்துக் கையாளும் நிரல் பகுதியில், அள்ளிப் போட்டு, ஒரே வாக்கியத்தைக் காட்டிவிடுகிறோம். டெமோவில் நெட் நன்றாகத்தானே இருக்கும், யார் பார்க்கப்போகிறார்கள்!

அந்த இடத்தில் வரவேண்டியது இது: 'வங்கியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பணம் போனதா என்று பார்க்கிறோம். மறுபடி அனுப்ப வேண்டாம்.' அப்படியும் ஒருவர் மறுபடி அழுத்தினால், பழைய பரிவர்த்தனை எண்ணையே அனுப்ப வேண்டும். அப்போதுதான் இது முன்பே வந்ததுதான் என்று சர்வர் கண்டுபிடித்து இரண்டாவதைத் தள்ளிவிடும். யுபிஐயில் நம் கணக்கில் பணம் கழிந்து கடைக்காரருக்கு உறுதியாகாமல் நின்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. அதையும் அங்கேயே சேர்த்துச் சொன்னால் அத்தை போன்றவர்கள் பதற மாட்டார்கள்.

சிலர் இதற்கு நேர் எதிர். 'நல் பாயின்டர் எக்செப்ஷன்' என்று நிரல் எழுதுகிறவனுக்கு மட்டும் புரியும் பிழைப் பெயரில் தொடங்கி, தரவுத்தளத்தின் டேபிள் பெயர், ஃபைல் பெயர் வரை திரையில் கொட்டிவிடுவார்கள். பயன்படுத்துகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, திருட வருகிறவனுக்குத்தான் அது வழிகாட்டி. அந்த விவரமெல்லாம் சர்வர் லாகில், அதாவது நடப்பதையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டில், கிடக்கட்டும். திரையில் ஒரு சின்ன எண் போதும். போன் செய்து அதைச் சொன்னால் நாங்கள் லாகில் தேடிக்கொள்வோம்.

அப்புறம், நாம் அடித்ததை ஏற்காதபோது வரும் அந்த 'செல்லாத உள்ளீடு' என்ற செய்தி. எண்ணுக்கு நடுவில் ஒரு இடைவெளி விழுந்தால் அதை நீக்கிக்கொள்வது செயலியின் வேலை, அத்தையின் வேலையல்ல.

நான் எழுதிய செயலியில் தேடிப் பார்த்தேன். 41 இடத்தில் 'ஏதோ தவறு' இருந்தது. இதுவரை 11-ஐ மாற்றியிருக்கிறேன். அத்தை இப்போது மார்க்கெட்டுக்கு ரொக்கத்தோடுதான் போகிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.